ஒரிஜினல் சீட்

எங்கள் வீட்டு ஷோகேஸில் பதினான்கு கேடயங்கள் இருக்கின்றன. ஒன்றுகூட மனுஷர்கள் வாங்கியதில்லை. எல்லாம் ஒரு கார் வாங்கியவை. வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா முதலில் கேடயங்களைக் காட்டுவார், அடுத்து காரைக் காட்டுவார், பிறகு நேரமிருந்தால் எங்களைக் காட்டுவார். இது எங்கள் குடும்பமே சேர்ந்து உருவாக்கின வண்டி என்று அவர் ஆரம்பிக்கும்போது நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. குடும்பமாகத்தான் செய்தோம். அதில் என் பங்கு என்ன என்பதையும் அவர் மறக்காமல் பெருமையாகச் சொல்லுவார். அதைத்தான் என்னால் உட்கார்ந்து கேட்க முடிவதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா உள்ளே ஃபிட்டர். மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அம்மா அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் செயலில்லாமல் ஆக்கிவிட்டுப் போனது. வாயை மட்டும் தொடவில்லை. ஹாலில் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வீட்டை அவள்தான் நடத்தினாள். கடைக்குப் போக, நூலகத்தில் புத்தகம் மாற்ற, மேல்வீட்டில் எதற்குச் சண்டை என்று விசாரித்து வர, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் விரட்டுவாள். நான் முனகுவேன், ஆனால் போய்விடுவேன். அவள் வாயில் விழுவதைவிட வெயிலில் நடப்பது சுலபம்.

பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடம் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே இருந்தது. அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவாள். அதற்குமேல் அக்காவுக்கு பி.காம். படிக்க வேண்டும். தபாலில் அல்ல, கல்லூரிக்குப் போய், வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். கல்லூரி பூந்தமல்லி போகிற சாலையில் ஆறு கிலோமீட்டர். அங்கே முதல்வர் நல்ல மனுஷர். வகுப்பைக் கீழ்த்தளத்திலேயே வைத்துக்கொள்கிறேன், வந்து போகிற வழியை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வழிதான் இல்லை. ஆட்டோவில் நாற்காலி ஏறாது. யாராவது அவளைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும், அங்கே போய் யாராவது தூக்கி இறக்க வேண்டும். அக்கா அதற்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னை யாரும் தூக்கக் கூடாது. அப்பாவும்தான். நான் சக்கரத்துலயே ஏறி சக்கரத்துலயே இறங்கணும்."

பதினேழு வயதுப் பெண் அப்படிக் கேட்டதில் என்ன தவறு என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் அவளுக்குத் திமிர் என்றோம். நானும் சொன்னேன்.

வழியைக் கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் சின்னதாக ஒரு டிங்கர் பட்டறை வைத்திருந்தார். ஒடுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. கள்ளிக்குப்பத்தில் ஒரு டாக்டர் வீட்டு வேப்பமரத்தடியில் பல வருடமாக ஒரு கார் கிடப்பதாகச் சொன்னார். அம்பாசிடர்தான், ஆனால் பின்பக்கம் சரியாமல் கூரை கடைசிவரை நேராக நீண்டிருக்கும். எஸ்டேட் கார் என்பார்களாம். பின்னால் முழுக் கதவு. மேல் பாதி மேலே தூக்கும், கீழ்ப் பாதி கீழே மடங்கும். சரிவாக ஒரு பலகை போட்டால் நாற்காலி அப்படியே உள்ளே உருண்டுவிடும் என்றார் மாமா. டாக்டர் காலமாகிவிட்டார்; அவருடைய மனைவி, இடத்தைக் காலி பண்ணினால் போதும் என்று கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. குட்டிகள் பெரிதாகி இறங்கிப் போகும்வரை ஒரு மாதம் காத்திருந்து, பொங்கல் கழித்து லாரியில் கட்டி இழுத்து வந்தோம்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அவருக்கு எல்லாம் டிராயிங்தான். தாளில் இருக்கிறபடி செய்ய வேண்டும், தாளில் இல்லாத ஓர் ஓட்டை போட்டாலும் இன்ஸ்பெக்டர் பொருளைத் திருப்பிவிடுவார். இருபது வருடம் அப்படி வேலை செய்த மனுஷர், வீட்டில் துணிக்கொடி கட்டுவதற்கே ஒரு படம் வேண்டும் என்பார். கார் வந்து இறங்கியதும் அவர் அக்காவிடம் சொன்னது ஒன்றுதான். நீ டிராயிங் கொடு, அப்பா செஞ்சு தர்றேன்.

அக்கா கொடுத்தாள். அளவு டேப்பைக் கையில் கொடுத்து என்னை வண்டிக்குள் அனுப்பி, ஜன்னலிலிருந்து கத்திக் கத்தி அளக்க வைத்து, இரண்டு வாரத்தில் ஒரு சார்ட் பேப்பரில் முழு வண்டியையும் வரைந்துவிட்டாள். பின்சீட் கிடையாது. அந்த இடத்தில் நாற்காலிச் சக்கரம் ஓட இரண்டு இரும்புச் சேனல்கள். நாற்காலியைப் பிடித்து நிறுத்த நான்கு கொக்கிகள், பெல்ட். பின்கதவில் மடக்குகிற சரிவுப் பலகை. ஜன்னலில் அவள் கை எட்டுகிற உயரத்தில் ஒரு பிடி. ஓரத்தில் மடக்குப் பலகை ஒன்று வரைந்து, அதன்மேல் என் பெயரை எழுதியிருந்தாள். நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வர வேண்டும். அப்பா அந்த டிராயிங்கை பிளாக்குக்குப் பக்கத்தில் போட்டிருந்த தகரக் கொட்டகையின் சுவரில் நான்கு ஆணி அடித்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் அதன் எதிரில் ஒரு நிமிஷம் நிற்பார். அந்த நான்கு மாதம் அவர் அக்காவை, இன்ஸ்பெக்டரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

எல்லோருக்கும் வேலை இருந்தது. மாமா வெல்டிங் பத்த வைப்பார், தட்டுவார். அப்பா துருவைத் தேய்ப்பார். மூன்று அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில் ஒரு வெளிர்நீலம் தெரிந்த அன்று எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அம்மா ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். நான் போல்ட், நட்டு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி பிஸ்கட் டின்னில் போட்டேன்.

ஏப்ரலில் ஒரு சிக்கல் வந்தது. நாற்காலியோடு அக்காவை உள்ளே உருட்டினால் தலை கூரையில் இடித்தது. நான்கு விரற்கடை உயரம் போதவில்லை. கூரையை அந்த இடத்தில் வெட்டி மேலே ஒரு பெட்டி மாதிரி தூக்கிவிடலாம், ஒரு நாள் வேலை என்றார் மாமா. அப்பா சாக்பீஸால் கோடு போட்டார். கட்டர் மெஷினைக் கையில் எடுத்தார். வைத்துவிட்டார். மறுபடி எடுத்தார். இவ்வளவு அழகான வளைவை வெட்ட மனசு வரவில்லை என்றார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, கூரை இருக்கட்டும், நான் குட்டையாகிக்கொள்கிறேன் என்றாள். மாமா அரை அடி உயரம் குறைவாக, சின்னச் சக்கரம் வைத்துப் புது நாற்காலி செய்தார். எல்லோரும் அவள் மூளையை மெச்சினோம். அப்பாவின் கை தயங்கியதை அவள் ஒருத்திதான் கவனித்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அடுத்த நாளே என்னைக் கூப்பிட்டாள். கழற்றி வைத்த பின்சீட் கொட்டகை மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. சிவப்பு ரெக்ஸின், நடுவில் வெள்ளைக் கோடு. நாய் குட்டி போட்டும் கிழியாமல் தப்பித்திருந்தது. அதைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடு என்றாள். அப்பா ஷிஃப்டில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும், என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள், கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது இங்க இருக்கிற வரைக்கும் அப்பாவுக்கு ஒரு கண்ணு அது மேலதான் இருக்கும். நான் உக்கார்ற எடம் நிலைக்காதுடி."

எனக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது வேறு. அந்த சீட்டில் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு, காற்று அடிக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு. இவளுக்கு நடுவில் சிம்மாசனம், எனக்குப் பலகையாம், அதுவும் போன வழியைப் பார்த்துக்கொண்டு. நல்ல சீட்டைக் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

தள்ளுவண்டியில் பழைய இரும்புக்காரர் வந்தார். கொட்டகையில் ஓட்டை விழுந்த சைலன்ஸர் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த சீட்டை மட்டும் எதிர் பிளாக்கில் காலியாக இருக்கிற வீட்டுப் பின்பக்கம் இறக்கிவிட்டுப் போங்கள் என்று பேரம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே இறக்கினார். அந்த வீட்டுக்காரர்கள் மாற்றலாகிப் போயிருந்தார்கள். பின்னால் கதவில்லாத ஒரு விறகு அறை இருந்தது. சைலன்ஸருக்கு அவர் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டி, சீட்டைப் போட்டாச்சு என்றேன். அவள் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். இருவரும் கொட்டையை ஜன்னல் வழியாகத் துப்பித் துப்பி முழுப் பொட்டலத்தையும் தின்று தீர்த்தோம். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்பா மறுநாள் தேடினார். அக்காவே சொல்லிவிட்டாள். அவர் முகம் சுருங்கியது, ஆனால் சுவரில் இருந்த டிராயிங்கை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி, அதில்தான் சீட்டே இல்லையே என்று விட்டுவிட்டார்.

மே மாதக் கடைசியில் வண்டி ஓடியது. அக்கா சரிவுப் பலகையில் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி ஏறினாள். யாரும் தொடவில்லை. கொக்கி நான்கையும் மாட்டிவிட்டு மாமா கையைத் தட்டினார். குவார்ட்டர்ஸ் சுற்றி, மெயின் ரோடு ஏறி, கல்லூரி வாசல்வரை போனோம். அக்கா அங்கே நிறுத்தச் சொல்லி, கேட்டுக்கு வெளியே இருந்தே ரொம்ப நேரம் பார்த்தாள். விடுமுறை, உள்ளே யாருமில்லை. வாட்ச்மேன் வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை, அடுத்த மாதம் இங்கேதான் படிக்கப் போகிறேன் என்று சொன்னாள். திரும்பும்போது நான் என் பலகையில் பின்பக்கம் பார்த்துக்கொண்டு உம்மென்று வந்தேன். எங்கள் குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சந்தோஷமாக இருந்தது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே நாள் அது, அதில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெளிர்நீல வண்டியை யாரோ பார்த்து யாரிடமோ சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். நகரத்துக்காரர், பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் ஏதோ பொறுப்பு. வண்டியைச் சுற்றி மூன்று தடவை வந்தார். பானெட்டைத் தடவினார், டாஷ்போர்டை மோந்துகூடப் பார்த்தார். இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. தொழிற்சாலையில் குறை இருந்தால் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிறகு அந்த மனுஷர் பின்கதவைத் திறந்தார்.

"என்ன சார் இது, ரேம்ப், ரெயில்னு போட்டு வெச்சிருக்கீங்க? ஒரிஜினல் சீட் எங்கே?"

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தலையை ஆட்டிப் பாவம் என்றார். திரும்பி அப்பாவிடம், சீட் மட்டும் இருந்திருந்தால் வருகிற கண்காட்சியில் முதல் வரிசையில் நிற்க வேண்டிய வண்டி என்றார். போகும்போது, கார் கம்பெனி அந்தக் காலத்தில் வெளியிட்ட படத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளமைப்பு, அளவு, சீட், எல்லாம் துல்லியமாக இருந்தது. அப்பா எதையும் கிழிக்கிறவர் இல்லை. அதே நான்கு ஆணியில், அக்கா வரைந்ததற்கு மேலே அதை மாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஷிஃப்ட் முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் பட்டாபிராம், அம்பத்தூர் என்று காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கினார். சிவப்பு ரெக்ஸின், வெள்ளைக் கோடு என்று சொல்லிச் சொல்லிக் கேட்டார். இரண்டு வாரம் இப்படிப் போனது. அப்பா என்றால் எனக்கு உயிர். அக்காவின் சொல்லுக்கு அவர் தலையாட்டுவார், ஆனால் என்னைத்தான் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு சுற்றுவார். ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்திருக்கப் போனார். என்னால் தாங்க முடியவில்லை.

"சீட்டு இருக்குப்பா. நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

எதிர் பிளாக் விறகு அறையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் கை தட்டில் நின்றது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அப்படியானால் அந்தப் பேரீச்சம்பழம் என்று கேட்டாள். அது சைலன்ஸருக்குக் கொடுத்தது என்றேன். அப்பா வீடே அதிரச் சிரித்தார். எச்சில் கையோடு என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். எம் பொண்ணு சாமர்த்தியத்தப் பாரு என்று அம்மாவிடம் சொன்னார். இன்றைக்கும் விருந்தாளிகளிடம் அவர் சொல்லிச் சிரிக்கிற கதை இதுதான். அன்றைக்கு நானும் சிரித்தேன். வாழ்க்கையில் அதற்குமுன் யாரும் என்னை அப்படிக் கொண்டாடியதில்லை.

சீட்டை வைக்கச் சேனல் இடம் விடவில்லை. அறுத்து எடுக்க வேண்டும் என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறார்கள், கண்காட்சி அன்று சாயங்காலமே சேனலைத் திரும்பப் பத்த வைத்துவிடலாம் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். மாமா அந்த வாரம் வந்தபோது விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"இன்னா மாமா இது. கொயந்தைக்கோசரம் செஞ்ச வண்டி. அறுக்க என் கையி வராது, வோணும்னா நீயே அறுத்துக்கோ."

அப்பா அவரே அறுத்தார். அறுத்த இடத்தைத் தேய்த்து, அதே வெளிர்நீலம் அடித்து, சேனல் இருந்த தடமே தெரியாமல் செய்தார். அவ்வளவு சுத்தமான வேலை. மாமா அதற்குப் பிறகு கார் விஷயமாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா அவரை, கோபக்காரன், பொறாமை பிடித்தவன் என்றாள். கண்காட்சிக்குக் கட்ட அவள் பட்டுப்புடவையை வெயிலில் உதறிப் போட்டிருந்தாள்.

கண்காட்சியில் குடும்பத்தோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்து உடையில், அந்தக் காலத்துக் குடும்பம் மாதிரி. நாற்காலி படத்தில் சேராது என்று அப்பா சொல்லவில்லை. வண்டியில் இடமில்லை, ஒரு நாள்தானே என்று சொன்னார். விடியற்காலையில் அக்காவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் வைத்தார். தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவளுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்தேன். சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அக்கா ரொம்ப அழகாக இருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அவள் கால் விஷயம் தெரியாது.

மைதானத்தில் காலை எட்டு மணியிலிருந்து மூன்று மணிவரை நின்றோம். அப்பாவும் அம்மாவும் வண்டிக்கு முன்னால் நின்றார்கள். நான் எல்லாக் காரையும் சுற்றிப் பார்த்தேன். அக்கா வண்டிக்குள்ளேயே இருந்தாள். கூட்டம் கூட்டமாக வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள், அவள் சிரித்தாள். கண்காட்சி நடத்தியவர்கள் எல்லோருக்கும் ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். இரண்டு முறை கொடுத்தார்கள். அக்கா வேண்டாம் என்றாள். உதடு வெடித்திருந்தது, ரெக்ஸின் கொதித்தது, ஆனாலும் வேண்டாம் என்றாள். அவள் பங்கையும் சேர்த்து நான் நான்கு டம்ளர் குடித்தேன். கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நாற்காலி ஆவடியில் இருந்தது. முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அவள் தண்ணீரை நிறுத்தியிருக்கிறாள் என்பது எனக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்த அன்று நான் ஆபீஸில் இருந்தேன், எழுந்து போய் வாந்தி எடுத்தேன்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். கேடயத்தை அக்கா மடியில் வைத்துப் படம் எடுத்தார்கள். பரிசு கொடுத்தவர், பெங்களூரில் அடுத்த மாதம் ஒன்று இருக்கிறது, இப்படியே கொண்டு வாருங்கள் என்றார். இப்படியே என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா தலை பின்னி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். அப்பா கொட்டகையில் நின்று வண்டித் தரையின் புதுப் பெயின்ட்டைப் பார்த்தார். இப்போது பத்த வைத்தால் கருகிவிடும், பெங்களூர் போய் வந்துவிடலாம், அதுவரை ஆட்டோ வைத்துக்கொள்ளலாம், அப்பாவே தூக்கி உட்கார வைக்கிறேன் என்றார். அவள் அதற்கும் ஒத்துக்கொண்டாள். எந்த நிபந்தனைக்காக வீட்டையே எதிர்த்து நின்றாளோ, அதை விட்டுக்கொடுத்துப் போனாள். ஒன்பது நாள் போனாள். காலையில் அப்பா தூக்கி வைப்பார், அங்கே ஆட்டோக்காரரும் வாட்ச்மேனுமாக இறக்கி பெஞ்சில் உட்கார வைப்பார்கள், மாலைவரை அந்த பெஞ்ச்தான். அந்த ஒன்பது நாளும் அவள் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகவில்லை. பத்தாவது நாள் காய்ச்சல் வந்து படுத்தாள். பிறகு போகவில்லை.

பெங்களூருக்குப் பிறகு மழை வந்தது. மழைக்குப் பிறகு கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சி வந்தது. எங்கள் வீட்டில் யாரும் மாட்டேன் என்று சொல்லவே இல்லை. அடுத்த வாரம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அக்கா பி.காமைத் தபாலில் படித்து முடித்தாள். இப்போது திருநின்றவூரில் அப்பா கட்டின வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக் கொடுக்கிறாள். அந்த வீட்டில் வாசலை அடைத்துக்கொண்டு கார் ஷெட் இருக்கிறது. அக்காவின் நாற்காலி பக்கத்துச் சந்து வழியாகத்தான் தெருவுக்கு வர முடியும்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த நாட்களில் எனக்கு இருந்த பயம் வேறு. சீட்டை ஒளித்து வைத்துப் பொய் சொன்னதற்கு அக்கா என்னை எப்படியும் கிழித்துவிடுவாள் என்று தினமும் எதிர்பார்த்தேன். அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்த பிறகு ஒருநாள் மத்தியானம் அவள் எழுதிக்கொண்டிருந்தபோது பேனா உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நான் இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அக்கா நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அடிக்கோலை வைத்து அந்தப் பேனாவைத் துழாவினாள். கால் மணி நேரம் இருக்கும். வியர்த்து வழிந்தது. கடைசியில் எடுத்துவிட்டாள், தூசியைத் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். என்னைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே கூப்பிடவில்லை. அக்காவுக்குக் கோபமெல்லாம் போய்விட்டது, இப்போதெல்லாம் என்னை வேலை வாங்குவதுகூட இல்லை என்று அன்று சாயங்காலம் என் தோழியிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.